பர்மாவில் ராணுவம் ஏன் நகரவே மாட்டேன் என்கிறது?

"மியான்மர் பற்றி விரிவாகச் சொல்லுங்களேன், வரலாறு, அரசியல், ராணுவம் எல்லாம் சேர்த்து. அங்கே மட்டும் ஏன் ராணுவ ஆட்சி முடிவதே இல்லை?" என்று கேட்டிருந்தீர்கள். முதல் பாதிக்கு ஒரு பாடப்புத்தகமே போதும். இரண்டாவது பாதிதான் விஷயமே, அதனால் அதைப் பிடித்துக்கொண்டே முதல் பாதியையும் சொல்லிவிடுகிறேன். பழக்கதோஷத்தில் பர்மா என்றும் மியான்மர் என்றும் மாற்றி மாற்றி எழுதுவேன், இரண்டும் ஒன்றுதான். 1989-ல் ராணுவ அரசு யாரையும் கேட்காமல் பெயரை மாற்றியதால், பழைய பெயரைச் சொல்வதே எதிர்ப்பு என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

என் பதிலை முதலிலேயே போட்டுவிடுகிறேன். அந்த ராணுவம் அந்த நாட்டைவிட ஆறு வயது மூத்தது. பிறந்ததிலிருந்து அது செய்த சண்டையில் பெரும்பங்கு சொந்த எல்லைக்குள், சொந்தக் குடிமக்களோடு. எழுபது வருடத்துக்கு மேல் அப்படியே வாழ்ந்த ஒரு அமைப்புக்கு "நாங்கள் இல்லாவிட்டால் நாடே இல்லை" என்பது வெறும் மேடைப்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் அதை உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குச் சோறு போடுகிற மாதிரி கம்பெனிகள், வங்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே படியுங்கள், பாதி அரசியல் அதிலேயே இருக்கிறது. நடுவில் ஐராவதி ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. அந்தச் சமவெளியில் பாமர் இனத்தவர், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மக்கள். (நம்மூர் 'பாமர'னுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.) சுற்றிலும் மாட்டு லாடம் மாதிரி மலைகள்: மேற்கே சின், ரக்கைன், வடக்கே கச்சின், கிழக்கே ஷான், கயா, கரேன், தெற்கே மோன். அரசுக் கணக்கில் மட்டும் 135 இனக்குழுக்கள், ரோஹிங்யாக்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. ஜேடு கல், மாணிக்கம், தேக்கு, அரிய கனிமங்கள் என்று விலைபோகிற சரக்கில் பெரும்பகுதி மலையில் கிடக்கிறது, ஆட்சி சமவெளியில் நடக்கிறது. தகராறின் வேர் இதுதான்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1044-ல் ஆட்சிக்கு வந்த அனவரதா பகானைத் தலைநகராக வைத்து முதல் பேரரசைக் கட்டினார். அங்கே இன்றைக்கும் இரண்டாயிரத்துக்கு மேல் பகோடாக்கள் நிற்கின்றன. அதே பகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. நானாதேசி என்ற வணிகக் குழுவினரின் விண்ணகரம் (விஷ்ணு கோயில்) ஒன்றுக்கு மலைமண்டலத்துக்காரர் (சேர நாட்டவர்) ஒருவர் மண்டபம் கட்டிக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. நாம் கப்பலேறிப் போனது செட்டியார் காலத்தில்தான் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன். பகானுக்குப் பிறகு 16-ஆம் நூற்றாண்டில் பயின்னாங் என்ற அரசர், 1569-ல் சயாமின் (இன்றைய தாய்லாந்து) தலைநகரான அயுத்தயாவையே பிடித்தார். 1752-ல் அலௌங்பயா தொடங்கிய கொன்பாங் வம்சம்தான் கடைசி. இவர்கள் 1767-ல் அயுத்தயாவை மறுபடி பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள், அப்புறம் மணிப்பூர், அசாம் என்று மேற்கே வந்து ஆங்கிலேயரோடு உரசினார்கள்.

அதோடு சரி. 1824, 1852, 1885 என்று மூன்று போர்கள். முதல் இரண்டில் கடற்கரையும் தெற்கும் போயின, மூன்றாவது மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. மதராஸ் படையின் சிப்பாய்கள் இந்தப் போர்களில் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். கடைசி அரசர் தீபாவை மாட்டுவண்டியில் ஏற்றி மண்டலே அரண்மனையை விட்டுக் கொண்டுபோய், கப்பலில் முதலில் மதராஸுக்கும் பிறகு ரத்னகிரிக்கும் அனுப்பினார்கள். அவர் 1916-ல் ரத்னகிரியிலேயே இறந்தார். டெல்லியின் கடைசி முகலாயரை ரங்கூனில் வைத்துப் புதைத்த அதே கையால் மண்டலே அரசரைக் கொங்கணக் கடற்கரையில் புதைத்தார்கள்.

ஆங்கிலேயர் விட்டுப்போனதைத்தான் இன்றுவரை பர்மா சுமக்கிறது. சமவெளியை நேரடியாக ஆண்டார்கள், மலைகளை அந்தந்த ஊர்த் தலைவர்களின் கையில் விட்டு 'எல்லைப் பகுதி' என்று தனியாக வைத்தார்கள். ராணுவத்துக்குக் கரேன், கச்சின், சின் ஆட்களைத் தேடி எடுத்தார்கள், பாமர்களை நம்பவில்லை. ரயில், துறைமுகம், காவல், கணக்கு, கடன் எல்லாம் இந்தியர்கள் கையில். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்றால் உள்ளூர்க்காரனுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அதோடு உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது, செட்டியார்களிடம் அடமானம் வைத்த வயல்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார் பேரில் இருந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, அவர்களுக்கு வேண்டியது பணம்தான், வயல் இல்லை. ஆனாலும் வயலைப் பறிகொடுத்த விவசாயிக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. 1930-லும் 1938-லும் ரங்கூனில் கலவரம் வெடித்தது. பிற்காலத்தில் ராணுவம் 'அந்நியன்' என்ற சொல்லை எடுத்து வீசும்போதெல்லாம் கூட்டம் தலையாட்டியதற்கு இங்கேதான் காரணம் இருக்கிறது.

இப்போது ராணுவத்தின் பிறப்புக்கு வரலாம். ஆங் சான் என்ற இளைஞர் தலைமையில் முப்பது பேர், 'முப்பது தோழர்கள்' என்று சொல்வார்கள், 1941-ல் ஜப்பானியரிடம் ஹைனான் தீவில் பயிற்சி எடுத்தார்கள். அந்த வருட டிசம்பரில் பாங்காக்கில் பர்மா விடுதலைப் படை உருவானது, ஜப்பான் படையோடு சேர்ந்து ஊருக்குள் வந்தது. வந்த வேகத்தில் ஐராவதி டெல்டாவில் கரேன் கிராமங்களை வேட்டையாடினார்கள், கரேன்கள் வெள்ளைக்காரனின் ஆட்கள் என்பது குற்றச்சாட்டு. 1942-ல் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பியதும் இந்தக் குழப்பத்தில்தான், வழியில் செத்தவர்கள் ஏராளம். ஜப்பான் தோற்கப்போகிறது என்று தெரிந்ததும் 1945 மார்ச் 27 அன்று ஆங் சான் படை அணி மாறியது. இன்றும் அந்த நாள்தான் ராணுவ தினம். சொந்த நாட்டு மக்களை ராணுவம் சுட்டுத் தள்ளுகிற நாளாகவும் அது மாறிவிட்டது, 2021 மார்ச் 27 அன்று ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

போர் முடிந்ததும் கண்டியில் ஆங்கிலேயத் தளபதி மவுண்ட்பேட்டனோடு ஒரு ஒப்பந்தம். ஜப்பான் வளர்த்த பாமர் படையையும் ஆங்கிலேயர் வளர்த்த கரேன், கச்சின் படைகளையும் ஒரே ராணுவமாக ஒட்டினார்கள். மூன்று வருடம் முன்பு ஒருவர் கிராமத்தை ஒருவர் கொளுத்திய ஆட்கள் ஒரே சீருடையில். சுதந்திர பர்மாவின் முதல் ராணுவத் தளபதி ஒரு கரேன், ஸ்மித் டன் என்று பெயர். ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் அவரை வைத்திருந்தார்கள்... கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன், நடுவில் ஒன்று இருக்கிறது.

1947 பிப்ரவரி 12 அன்று ஷான் மலையில் பாங்லாங் என்ற ஊரில் ஆங் சானும் ஷான், கச்சின், சின் தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். உள்நிர்வாகம் உங்களுடையது, சேர்ந்து சுதந்திரம் வாங்குவோம் என்பதுதான் சாரம். அந்த வருட அரசியல் சாசனம் ஷான், கயா மாநிலங்களுக்குப் பத்து வருடம் கழித்துப் பிரிந்துபோகும் உரிமையையே எழுதிக் கொடுத்தது. ஜூலை 19 அன்று அமைச்சரவைக் கூட்டத்துக்குள் புகுந்து ஆங் சானைச் சுட்டுக் கொன்றார்கள், வயது 32. மலைக்காரர்கள் நம்பியது அந்த ஒரு ஆளைத்தான். அவர் போனதும் பாங்லாங் ஒரு தாளாக மட்டும் மிஞ்சியது. 1948 ஜனவரி 4, விடிகாலை 4.20-க்கு, ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரத்தில் சுதந்திரம் வந்தது.

நல்ல நேரம் ஒன்றும் உதவவில்லை. மூன்று மாதத்தில் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள், 1949 ஜனவரியில் கரேன்கள் எழுந்தார்கள், ராணுவத்திலிருந்து பாதிப் படைப்பிரிவுகள் துப்பாக்கியோடு எதிர்ப்பக்கம் போயின. ரங்கூனின் விளிம்பிலேயே, இன்செயினில், மாதக்கணக்கில் சண்டை. பிரதமர் ஊ நுவின் ஆட்சியை 'ரங்கூன் அரசாங்கம்' என்று வெளியுலகம் கிண்டல் செய்தது, அதற்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை. ஸ்மித் டன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார், முப்பது தோழர்களில் ஒருவரான நே வின் தளபதியானார். கரேன் தேசிய யூனியன் அன்று தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை.

இந்த வருடங்களில்தான் ராணுவம் இரண்டு பாடம் கற்றது. அரசியல்வாதிகள் நாட்டைத் தொலைப்பார்கள், நாம்தான் மீட்போம் என்பது ஒன்று. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை: 1951-ல் சிப்பாய்களுக்கு மலிவு விலையில் சாமான் விற்க ஒரு கேன்டீன் தொடங்கினார்கள், பத்து வருடத்துக்குள் அதுவே வங்கி, கப்பல் கம்பெனி, பெரிய கடைகள் என்று நாட்டின் மிகப் பெரிய வியாபார நிறுவனமாகிவிட்டது. கேன்டீனில் ஆரம்பித்த ருசி.

1958-ல் ஊ நுவே நே வினை அழைத்துக் 'காபந்து அரசு' நடத்தச் சொன்னார். 1960-ல் தேர்தல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள், ஊ நு ஜெயித்தார், ஷான் தலைவர்களோடு கூட்டாட்சி பற்றிப் பேச உட்கார்ந்தார். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1962 மார்ச் 2, டாங்குகள் வந்தன. நாட்டின் முதல் ஜனாதிபதியான ஷான் தலைவர் சாவ் ஷ்வே தைக் அந்த வருடமே சிறையில் இறந்தார், அவருடைய பதினேழு வயது மகன் ஆட்சி கவிழ்ந்த ராத்திரியே சுடப்பட்டான். ஜூலையில் மாணவர்களைச் சுட்டு, ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அடுத்த 26 வருடங்களுக்கு 'பர்மிய வழி சோசலிசம்' என்று பெயர். மார்க்சியமும் பௌத்தமும் ஜோசியமும் கலந்த கூட்டு, எதுவும் சரியாக வேகவில்லை. கடை, வங்கி, ஆலை எல்லாம் அரசுடைமை. 1960-களில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள், எடுத்துப்போக விட்டது சொற்பம். கப்பலில் வந்து இறங்கியவர்களுக்குச் சென்னையில் பிழைக்க ஒதுக்கிய இடத்தில் வந்ததுதான் பாரிமுனை பர்மா பஜார், அதன் பக்கத்தில் நீங்கள் சாப்பிடுகிற அத்தோவும் மொய்ங்காவும் அந்தக் குடும்பங்களின் கைப்பக்குவம். பர்மாவுக்கே திரும்பிப் போக நினைத்து நடந்து, எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேவில் தங்கிவிட்ட தமிழர்கள் அங்கே கோயில் கட்டிக்கொண்டு இன்றும் இருக்கிறார்கள். நே வினின் கிறுக்குத்தனத்துக்கு ஒரு உதாரணம் போதும்: 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே அறிவிப்பில், ஈடு எதுவும் தராமல் செல்லாது என்றார். புதிதாக வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள், ஒன்பதால் வகுபடும் எண் ராசியாம். மக்களின் சேமிப்பு ஒரே நாளில் காகிதமானது, அடுத்த வருடம் தெருவில் இறங்கினார்கள்.

1988 ஆகஸ்ட் 8, நாலு எட்டு. மாணவர், பிக்கு, அரசு ஊழியர் என்று நாடே வெளியே வந்தது, ராணுவம் ஆயிரக்கணக்கில் கொன்றது, செப்டம்பரில் புதிய தளபதிகள் ஆட்சியை நேரடியாக எடுத்துக்கொண்டார்கள். அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ள இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஆங் சானின் மகள் சூச்சி அரசியலில் இழுக்கப்பட்டது அப்போதுதான். 1990 தேர்தலில் அவர் கட்சி 392 இடம் ஜெயித்தது, ராணுவம் முடிவைக் கிடப்பில் போட்டது. 1991-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, வீட்டுச் சிறை தொடர்ந்தது. 2005-ல் ராணுவ ஆட்சியின் தலைவர் 'தான் ஷ்வே' திடீரென்று தலைநகரை ரங்கூனிலிருந்து காட்டு நடுவில் நேபிடாவுக்கு மாற்றினார். 2007-ல் பிக்குகள் ஊர்வலம் போனார்கள், சுட்டார்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள், பிணங்கள் டெல்டாவில் மிதந்துகொண்டிருந்த அதே மாதத்தில் புதிய அரசியல் சாசனத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள்.

அந்தச் சாசனம் ஒரு கில்லாடித்தனமான ஆவணம், அதைப் புரிந்துகொண்டால் 2011-க்குப் பிறகு நடந்த 'ஜனநாயகம்' என்ன என்று புரியும். நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் தேர்தல் இல்லாமலே ராணுவத்துக்கு, 664-ல் 166. சாசனத்தைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும், அதாவது சீருடைக்காரன் ஒருவனாவது கை தூக்காமல் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் அமைச்சரைத் தளபதிதான் நியமிப்பார். பிள்ளைகள் வெளிநாட்டுக் குடியுரிமை வைத்திருந்தால் ஜனாதிபதி ஆக முடியாது என்று ஒரு விதி, அது இங்கிலாந்தில் குடும்பம் இருந்த சூச்சியை மனதில் வைத்து எழுதியது. 2015-ல் சூச்சி பெருவெற்றி பெற்று, 'அரச ஆலோசகர்' என்ற புதுப் பதவியை உருவாக்கி அதைச் சுற்றிக்கொண்டு போனார். ஆனால் 2017-ல் ரக்கைனில் ராணுவம் ரோஹிங்யாக்களை அடித்து விரட்டி ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடியபோது, 2019-ல் அவரே தி ஹேக் நீதிமன்றத்துக்குப் போய் தன் நாட்டுக்காக வாதாடினார். வெளிநாட்டில் மரியாதை போனது, ராணுவத்தின் நன்றியும் கிடைக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் பெரிய அனுதாபம் இல்லை.

2020 நவம்பரில் இன்னும் பெரிய வெற்றி, 476-ல் 396 இடம், ராணுவத்தின் கட்சிக்கு வெறும் 33. தளபதி மின் ஆங் லைங்குக்கு 2021 ஜூலையில் 65 வயது, ஓய்வு பெற வேண்டும், ஜனாதிபதி கனவுக்கு எண்ணிக்கை இல்லை. 2021 பிப்ரவரி 1, புதிய நாடாளுமன்றம் கூடும் காலையில், சூச்சி உட்பட தலைவர்களைக் கைது செய்து ஆட்சியைப் பிடித்தார். பழைய கணக்குப்படி கொஞ்ச நாள் சுட்டால் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். இந்த முறை பாமர் இளைஞர்களே மலைக்குப் போய், தாத்தா காலத்தில் எதிரி என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட கரேன், கச்சின் படைகளிடம் பயிற்சி எடுத்தார்கள். என் பார்வையில் 1948-க்குப் பிறகு அந்த நாட்டில் நடந்த பெரிய மாற்றமே இதுதான்.

ராணுவத்தின் பலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒருகாலத்தில் மூன்றரை, நான்கு லட்சம் பேர் என்று கணக்குச் சொல்வார்கள், 2023-ல் ஆய்வாளர்கள் சொன்னது ஒன்றரை லட்சம், அதிலும் சண்டைக்கு ஆகிறவர்கள் பாதிதான். அதிகாரிகள் பியின் ஊ ல்வின் என்ற ஊரிலுள்ள ராணுவக் கல்லூரியிலிருந்து வருகிறார்கள். குடும்பம் கன்டோன்மென்டில், சம்பளத்தில் ராணுவக் கம்பெனிப் பங்குக்குப் பிடித்தம், வெளியுலகத்தோடு பழக்கம் குறைவு. ஓடிப்போக நினைக்கும் சிப்பாய் முதலில் மனைவி பிள்ளைகளை எப்படி வெளியே கொண்டுவருவது என்று யோசிக்க வேண்டும், அவர்கள் பாதி பணயக்கைதிகள். போர்முறை 1960-களில் வகுத்த 'நான்கு வெட்டு': எதிரிக்கு உணவு, பணம், தகவல், ஆள் நான்கும் கிடைக்காமல் வெட்டு. நடைமுறையில் கிராமத்தைக் கொளுத்து என்று அர்த்தம். தரைப்படை தேய்ந்ததும் வான்படையை நம்பினார்கள், ரஷ்யாவின் மிக்-29, சுகோய்-30, யாக்-130, சீனாவின் பயிற்சி ஜெட்டுகள். 2023 ஏப்ரலில் சகாயிங் பகுதியில் பாசிஜி கிராமத்துக் கூட்டத்தின்மேல் குண்டு போட்டு 150 பேருக்கு மேல் கொன்றது இந்த வான்படைதான். இப்போது எஞ்சின் மாட்டிய பாராசூட்டில் பறந்து கையால் குண்டு போடுகிற அளவுக்கு வந்திருக்கிறார்கள். கடற்படைக்கு முதல் நீர்மூழ்கியைக் கொடுத்தது யார் தெரியுமா? நாம்தான், 2020-ல், பழைய சிந்துவீர்.

2023 அக்டோபர் 27 அன்று வடக்கு ஷானில் மூன்று ஆயுதக்குழுக்கள் சேர்ந்து அடித்தபோது ராணுவம் வரலாறு காணாத அளவு தோற்றது. 2024 ஆகஸ்டில் லாஷியோவிலிருந்த வடகிழக்குத் தலைமையகமே போனது, டிசம்பரில் ரக்கைனின் ஆயுதக்குழுவான அரக்கான் ஆர்மி மேற்குத் தலைமையகத்தைப் பிடித்தது. ஆள் பற்றாமல் 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவையை அமலுக்குக் கொண்டுவந்தார்கள், பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் இளைஞர்கள் குவிந்தார்கள். அப்படியும் விழவில்லை, காரணம் சீனா. ரக்கைன் கடற்கரையிலிருந்து யுன்னானுக்கு எண்ணெய், எரிவாயுக் குழாய் போகிறது, அரிய கனிமங்கள் கச்சினிலிருந்து வருகின்றன. பெய்ஜிங்குக்கு மின் ஆங் லைங் மேல் பாசம் ஒன்றும் கிடையாது, நேபிடாவில் யாருமே இல்லாமல் போவதுதான் பயம். அதனால் எல்லையை மூடியும் மிரட்டியும் 2025 ஏப்ரலில் லாஷியோவைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் மண்டலே, சகாயிங்கை 7.7 அளவு நிலநடுக்கம் நொறுக்கியிருந்தது. டிசம்பர் 28 முதல் கட்டம் கட்டமாக ஒரு தேர்தலும் நடத்தினார்கள். சூச்சி அப்போது சிறையில், அவர் கட்சி 2023-லேயே கலைக்கப்பட்டாயிற்று, பல பகுதிகளில் வாக்குச்சாவடியே கிடையாது, யாரை எதிர்த்து யார் ஜெயித்தார் என்று கேட்காதீர்கள்.

இந்தியாவுக்கு 1,643 கிலோமீட்டர் எல்லை, வடகிழக்கு ஆயுதக்குழுக்கள் மறைந்திருக்கும் காடு, சித்வே துறைமுகத்தில் போட்ட பணம், இதனால் டெல்லி இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறது. நமக்கு நேரடியாக வந்து தைக்கிற இடம் வேறு. எல்லையை ராணுவம் எப்படி ஆள்கிறது என்றால், சண்டையை நிறுத்திய குழுவுக்கு 'எல்லைக் காவல் படை' என்று பெயர் கொடுத்து, அந்தத் துண்டு நிலத்தில் என்ன வியாபாரமும் செய்துகொள் என்று விட்டுவிடும். முன்பு அபின், பிறகு சூதாட்ட விடுதி, இப்போது ஆன்லைன் மோசடி முகாம்கள். தாய்லாந்தின் மே சோட் ஊருக்கு எதிரே ஆற்றைத் தாண்டினால் மியாவாடி, கேகே பார்க், ஷ்வே கொக்கோ போன்ற பேர்போன மோசடி முகாம்கள் அங்கேதான் முளைத்தன. 2022-லிருந்து தமிழ்நாட்டுப் பையன்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களை 'தாய்லாந்தில் ஐடி வேலை' என்று சொல்லி ஏமாற்றி அங்கே அடைத்து, அடித்து வேலை வாங்கியிருக்கிறார்கள். ஏஜென்ட் பாங்காக் டிக்கெட் போட்டுக் கொடுத்து, இறங்கியதும் காரில் ஏழெட்டு மணி நேரம் மேற்கே போகணும் என்று சொன்னால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள், அங்கிருந்தே தூதரகத்துக்குப் போன் போடுங்கள்.